மிஸ் அடிக்கும் இறைப்பு மிசின்: காரணம் கண்ட பின்பே பொருள் வாங்குவோம்

இறைப்புத் தவறினால் பயிர் தவறும் என்பதை எமது விவசாயக் குடும்பங்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. செம்மண் தோட்டத்தில் நிற்கும் வெங்காயமும் மிளகாயும் கோடை வெயிலில் சில நாட்களுக்கு மேல் தண்ணீரின்றித் தாக்குப்பிடிப்பதில்லை. அப்படியான ஒரு நாளிலேதான் மிசின் ‘மிஸ்’ அடிக்கத் தொடங்குகிறது. ஒரே சீராக ஓட வேண்டிய எஞ்சின் இடையிடையே ஓர் அடியை விழுங்குகிறது. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு விழுகிறது. பாத்தி பாதி நனைந்தபடி கிடக்க, மிசின் நின்றுவிடுகிறது.

அடுத்து நடப்பது என்ன? பட்டணத்திற்குப் போய் ஒரு பிளக் வாங்குகிறோம். சரிவரவில்லை. ‘கொயில் போயிருக்கும்’ என்கிறார் ஒருவர்; கொயில் வாங்குகிறோம். ‘காபரேற்றரை மாற்றிப் பாருங்கள்’ என்கிறார் இன்னொருவர், அதையும் வாங்குகிறோம். கடைசியில் பார்த்தால், பெற்றோல் தாங்கியின் மூடியிலுள்ள சிறு துவாரத்தை மண் அடைத்திருந்தது மட்டுமே குற்றமாக இருக்கும். மூன்று பொருட்களின் விலை, பட்டணம் போய் வந்த பஸ் கூலி, இழந்த ஒரு வாரம் ஆகிய எல்லாம் வீண். குத்தகைக் காணியில் கடன்பட்டுப் பயிரிடும் குடும்பத்திற்கும், பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பி முதற்போகம் செய்யும் குடும்பத்திற்கும் இது சிறிய இழப்பு அல்ல.

ஆகவே இக்கட்டுரையில், தோட்டங்களில் பொதுவாகப் பாவிக்கப்படும் சிறிய பெற்றோல், மண்ணெண்ணெய் இறைப்பு மிசின்கள் ஏன் மிஸ் அடிக்கின்றன, காரணத்தை எந்த ஒழுங்கில் தேட வேண்டும், எதை நாமே சரிசெய்யலாம், எங்கே மெக்கானிக்கிடம் போக வேண்டும் என்பவற்றைப் பார்ப்போம். இறுதியில் கார், வான் வைத்திருப்போருக்கும் சில குறிப்புகள் தருகின்றோம். டீசலில் ஓடும் இருசக்கர உழவு இயந்திரத்திற்குப் பிளக்கும் இல்லை, காபரேற்றரும் இல்லை. அதன் கோளாறுகள் வேறு வகையானவை என்பதால் அதை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

எமது காது பழகிய சத்தம்

மிஸ் அடிக்கும் சத்தம் எமது மக்களுக்குப் புதியதல்ல. 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல், டீசல், பற்றரி முதலியவை வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். பிளக்கில் கரி பிடிக்கும். இடையிடையே கழற்றித் துடைப்பார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது மிசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. கிணற்றடியிலேயே விட்டுப் போனவர்களும் உண்டு. எதை விட்டுச் சென்றாலும் அந்த வேலை அறிவைக் கூடவே கொண்டு சென்றோம். அன்று தேவை கற்றுத்தந்ததை இன்று ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் போதும்.

மூன்று தேவைகள்

பெற்றோல் எஞ்சின் ஒழுங்காக ஓட மூன்று விடயங்கள் வேண்டும்.

முதலாவது, சரியான நேரத்தில் விழும் நல்ல தீப்பொறி.
இரண்டாவது, சரியான அளவில் கலந்த எரிபொருளும் காற்றும்.
மூன்றாவது, அந்தக் கலவையை நன்றாக அமுக்கும் அமுக்கம், அதாவது ‘கொம்பிறசன்’.

இறைப்பு மிசின் நிமிடத்திற்கு 3000 தடவை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கலவை எரியும். ஆகவே நிமிடத்திற்கு 1500 தடவை, ஒரு செக்கனுக்கு 25 தடவை எரிதல் நடக்க வேண்டும். இவற்றில் சில தவறினாலே அது மிஸ் அடித்தல். ஏன் தவறுகிறது என்றால், மேற்சொன்ன மூன்றில் ஒன்று குறைவதனாலேயே. நான்காவது காரணம் என்று ஒன்று இல்லை. எனவே எமது வேலை, மூன்றில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதே.

கழற்றுவதற்கு முன் கவனிப்போம்

நோயாளியிடம் நாலு கேள்வி கேட்காமல் மருந்து எழுதும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. மிசினிடமும் முதலில் கேட்போம். அது எப்போது மிஸ் அடிக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

1. நன்றாக ஸ்ராட் ஆகி, சிறிது நேரம் ஓடி, பின்னர் மிஸ் அடித்து நிற்கிறது. சிறிது நேரம் விட்டால் மீண்டும் ஓடுகிறது. இப்படியானால் முதலில் தாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளது. மூடியைத் தளர்த்தியும் மாற்றமில்லை, எஞ்சின் சூடான பின் மட்டும் பொறி இல்லாமற் போகிறது என்றால் கொயிலைச் சந்தேகிக்கலாம்.

2. மெதுவாக ஓடும்போது நன்றாக இருக்கிறது. தண்ணீர் ஏறத் தொடங்கிச் சுமை விழுந்ததும் மிஸ் அடிக்கிறது. இது பிளக் இடைவெளி அதிகமாகிப் பொறி பலவீனமடைந்ததன் அறிகுறி. அல்லது எரிபொருள் போதிய அளவு வராததன் அறிகுறி.

3. சோக்கைப் பாதி மூடினால் மட்டும் ஓடுகிறது, திறந்தால் நிற்கிறது. எரிபொருள் குறைவாக அல்லது காற்று அதிகமாகச் செல்கிறது. காபரேற்றரின் ஜெற் அடைபட்டிருக்கலாம். காபரேற்றர் பொருந்தும் இடத்திலுள்ள கஸ்கற் கிழிந்து காற்று நுழையலாம்.

4. கறுப்புப் புகை வருகிறது; பிளக்கில் உலர்ந்த கரி. எரிபொருள் அதிகம், காற்றுக் குறைவு. காற்று வடி அழுக்கடைந்திருக்கும். அல்லது சோக் முழுதாகத் திறக்கவில்லை.

5. நீலம் கலந்த வெள்ளைப் புகை தொடர்ந்து வருகிறது. எஞ்சின் ஒயில் எரிகிறது. ஒயில் அளவுக்கு மிஞ்சி விடப்பட்டிருக்கலாம். அல்லது பிஸ்ரன் றிங் தேய்ந்திருக்கலாம்.

6. எஞ்சின் சத்தம் சீராகவே இருக்கிறது. தண்ணீர் மட்டும் விட்டு விட்டு வருகிறது. இது எஞ்சின் கோளாறு அல்ல. உறிஞ்சும் குழாயில் காற்று இழுக்கிறது, அல்லது புட்வால்வில் குப்பை சிக்கியுள்ளது. இதற்காக எவரும் பிளக் வாங்க வேண்டாம்.

ஐந்து நிமிடப் பரிசோதனை

கருவி எதுவுமின்றி முதலில் பார்க்க வேண்டியவை நான்கு.

ஒயில்: மிசினைச் சமநிலத்தில் வைத்து ஒயில் மட்டத்தைப் பாருங்கள். இப்போதுள்ள பல மிசின்களில், ஒயில் குறைந்தால் பொறியைத் தானாக நிறுத்திவிடும் அமைப்பு உண்டு. வரம்பின் சரிவில் மிசினை வைத்தாலும் இது நடக்கும். ‘பொறியே இல்லை, கொயில் போய்விட்டது’ என்று எண்ணப்படும் மிசின்களுட் சிலவற்றிற்குத் தேவைப்படுவது கொஞ்ச ஒயில் மட்டுமே.

எரிபொருள்: தாங்கியிலிருந்து கொஞ்சத்தைத் தெளிவான கண்ணாடிப் போத்தலில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால், அது பாரமானது என்பதால் அடியில் தனியாகத் தங்கும். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருப்பதாகச் சந்தேகமா? ஒரு துளியை வெள்ளைத் தாளில் விடுங்கள். நல்ல பெற்றோல் விரைவில் உலர்ந்து மறையும். மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாக நிற்கும்.

காற்று வடி: பஞ்சு வடியானால் சவர்க்கார நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, சில துளி எஞ்சின் ஒயில் விட்டுப் பிழிந்து போடுங்கள். தாள் வடியானால் கழுவக்கூடாது. மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்க்க வேண்டும். வடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினால் மிசின் நன்றாக ஓடுவது போலத் தோன்றும். ஆனால் செம்மண் தூசி உள்ளே சென்று றிங்கையும் சிலிண்டரையும் அரைத்துவிடும். அப்படி ஓட்டும் பழக்கம் வேண்டாம்.

வயர்: பிளக் மூடி இறுக்கமாகப் பொருந்தியுள்ளதா, வயரை எலியோ அணிலோ கடித்துள்ளதா, எங்காவது உரசி உள்ளிருக்கும் கம்பி தெரிகிறதா என்று பாருங்கள்.

பிளக் சொல்லும் செய்தி

எஞ்சின் ஆறிய பின்பு பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள்.

வெளிறிய மண்ணிறமாக இருந்தால் எரிதல் நன்றாக உள்ளது.
உலர்ந்த கறுப்புக் கரி என்றால் எரிபொருள் அதிகம் அல்லது காற்றுக் குறைவு.
பெற்றோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை. அல்லது சோக்கை மூடி வைத்துக்கொண்டு பல தடவை கயிற்றை இழுத்துள்ளோம்.
பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஒயில் உள்ளே வருகிறது.
வெளுத்து, நுனி உருகியது போல் இருந்தால் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகிறது. எரிபொருள் குறைவாக வருகிறது.

கரியைக் கம்பித் தூரிகையால் துடைக்கலாம். மண்தாளால் தேய்த்தால் அதன் மணல் சிலிண்டருக்குள் விழக்கூடும். பின்னர் இடைவெளியைச் சரிபாருங்கள். தோட்டங்களில் அதிகம் காணப்படும் ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 போன்ற எஞ்சின்களுக்கு இது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். அளக்கும் தகடு இல்லாவிட்டால் வங்கியின் ஏ.ரி.எம். அட்டையைப் பயன்படுத்தலாம். அதன் தடிப்பு ஏறத்தாழ 0.76 மில்லிமீற்றர். எழுத்து மேடாக இல்லாத ஓரம் இடைவெளியினுள் சற்று உரசியபடி நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் பக்க முனையை மெதுவாக நிமிர்த்துங்கள். தளர்வாக ஆடினால் மெதுவாகத் தட்டி நெருக்குங்கள். நடுமுனையையும் வெள்ளைப் பீங்கானையும் நெம்ப வேண்டாம். பீங்கான் வெடித்திருந்தால் அல்லது நடுமுனை தேய்ந்து உருண்டிருந்தால் புதிய பிளக் வாங்குவது நியாயமான செலவு. பழைய பிளக்கில் உள்ள இலக்கத்தைக் காட்டி அதே வகையைக் கேளுங்கள்.

பூட்டும்போது முதலில் கையால் முழுவதும் சுற்றி இறுக்குங்கள். பின்னர் ஸ்பானரால் புதிய பிளக்கை அரைச் சுற்றும், பாவித்த பிளக்கை எட்டிலொன்று முதல் காற் சுற்று வரையும் இறுக்கினால் போதும். பலம் முழுவதையும் காட்டினால் அலுமினிய மரை உரிந்துவிடும்.

பொறியைச் சோதித்தல்

எரிபொருள் திருகியை மூடி, சிந்திய பெற்றோலைத் துடைத்து, அண்மையில் விளக்கோ சுருட்டோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் துவாரத்தைத் துணியால் மூடுங்கள். கழற்றிய பிளக்கை அதன் மூடியில் பொருத்தி, மரைப் பகுதி எஞ்சினின் இரும்பில் தொடும்படி, துவாரத்திலிருந்து தள்ளி வையுங்கள். வயரை றப்பர்ப் பிடியுள்ள குறட்டால் பிடியுங்கள். வெறுங்கையால் தொட்டால் கடுமையாக மின் அடிக்கும். இன்னொருவர் சுவிச்சைப் போட்டுக் கயிற்றை வேகமாக இழுக்கட்டும். நிழலில் வைத்துப் பார்த்தால், நீல நிறத்தில் ‘டிக்’ என்று விழுவது நல்ல பொறி. மஞ்சளாக, மெல்லியதாக விழுவது பலவீனமான பொறி.

பொறி இல்லையானால் நன்றாக ஓடும் வேறொரு மிசினின் பிளக்கை இரவல் வாங்கிச் சோதியுங்கள். அப்போது பொறி விழுந்தால் குற்றம் பிளக்கில். அதிலும் விழாவிட்டால் ஒயில் மட்டத்தை மீண்டும் பாருங்கள். அடுத்து நிறுத்தும் சுவிச்சிற்குச் செல்லும் வயரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இப்போது பொறி வந்தால் அந்த வயர் எங்கோ இரும்பில் முட்டிக்கொண்டிருக்கிறது. இது சோதனைக்கு மட்டுமே. வயரைக் கழற்றியபடி மிசினை ஓட்ட வேண்டாம், ஏனெனில் சுவிச்சால் அதை நிறுத்த முடியாது. இவ்வளவு செய்தும் பொறி வராவிட்டால் கொயிலுக்கும் காந்தச் சில்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மெக்கானிக் பார்க்க வேண்டும். அது 0.4 மில்லிமீற்றர் அளவில் இருப்பது வழக்கம். அதன் பின்னரே புதிய கொயில் பற்றிய பேச்சு.

எரிபொருள் வரும் வழி

பொறி நன்றாக இருந்தால் எரிபொருளின் வழியைத் தாங்கியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாகப் பின்தொடருங்கள். தாங்கி மூடி, தாங்கியின் உட்சல்லடை, திருகியின் கீழுள்ள சிறு கிண்ணம், றப்பர்க் குழாய், காபரேற்றர் என்பது அதன் ஒழுங்கு. காபரேற்றரின் அடியிலுள்ள வடிக்கும் திருகாணியைக் கழற்றித் திருகியைத் திறந்தால் பெற்றோல் தடையின்றி ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு மேலே இருக்கிறது.

நன்றாக ஓடினால் அடைப்பு காபரேற்றரின் உள்ளே. ஒரு போகம் முடிந்து பெற்றோலோடு மூலையில் வைத்த மிசின்களில் இது சாதாரணம். பெற்றோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்து ஜெற்றின் நுண்துவாரத்தை அடைத்துவிடும். கிண்ணத்தைக் கழற்றி, ஜெற்றைப் பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பியோ ஊசியோ விட வேண்டாம். துவாரம் பெருத்துவிட்டால் அந்த ஜெற் பயன்படாது. அளவுத் திருகாணி எதையும் கழற்றுமுன் அது முழுதாக இறுகும்வரை எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணி எழுதிவைத்து, அதே அளவில் திரும்பப் பூட்டுங்கள். ஒரு மாதத்திற்கு மேல் மிசின் ஓடாது என்று தெரிந்தால் தாங்கியையும் காபரேற்றரையும் வடித்துவிட்டு வையுங்கள்.

மண்ணெண்ணெய் மிசின்கள்

மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட மிசின்கள் உண்டு. அவற்றைப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, நன்கு சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றினால் காபரேற்றரில் பெற்றோல் நிற்கும். அடுத்த நாள் இலகுவில் ஸ்ராட் ஆகும். அவசரப்பட்டுக் குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினால் கரி பிடித்து மிஸ் அடிக்கும்.

பெற்றோலுக்கு மட்டும் செய்யப்பட்ட மிசினில் மண்ணெண்ணெய் விடுவது வேறு விடயம். அதில் மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகாது. மீதி சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துவிடும், றிங் தேயும். ஒயில் மட்டம் தானாக உயர்ந்தாலோ, ஒயிலில் மண்ணெண்ணெய் மணந்தாலோ உடனே ஒயிலை மாற்றுங்கள். முன்பு விலை குறைவு என்பதற்காகப் பலர் இப்படிச் செய்தனர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக ஏறியதை நாம் அறிவோம். அன்றன்றைய விலை வேறுபாட்டை மட்டும் பார்த்து இந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

அமுக்கம்

பொறியும் எரிபொருளும் சரியாக இருந்தும் மிஸ் அடித்தால் அமுக்கத்தைப் பார்ப்போம். சுவிச்சை நிறுத்திவிட்டுக் கயிற்றை இழுங்கள். ஒரு கட்டத்தில் கை நன்றாகத் தடைப்பட வேண்டும். சில எஞ்சின்களில் இலகுவாக ஸ்ராட் ஆவதற்காக அமுக்கத்தைச் சற்றுக் குறைக்கும் அமைப்பு இருப்பதால், அயலவரின் அதே வகை மிசினை இழுத்து ஒப்பிடுவது நல்லது. தடை மிகக் குறைவாக இருந்தால் பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, பிளக்கைப் பூட்டி மீண்டும் இழுங்கள். இப்போது தடை கூடினால் றிங் தேய்ந்துள்ளது. கூடாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது தலைக் கஸ்கற் பழுது.

வால்வு இடைவெளி தவறியிருந்தால் அதைச் சரிப்படுத்துவது பெரிய செலவல்ல. எஞ்சின் குளிர்ந்த நிலையிலேயே இந்த இடைவெளியை அளக்க வேண்டும். இதையும் றிங் மாற்றுவதையும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் நாம் செய்த சோதனையை அவரிடம் சொல்லுங்கள். ‘ஒயில் விட்டதும் தடை கூடியது’ என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் தேவையற்ற பொருளுக்குப் பணம் கேட்பது கடினம்.

கிணற்றுக்குள் மிஸ் அடித்தால் இறங்காதீர்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைத்திருக்க முடியுமானால் இப்பகுதியை வைத்திருங்கள்.

இவ்வகை மிசின்கள் நடைமுறையில் 7 அல்லது 8 மீற்றர் ஆழத்திலிருந்தே தண்ணீரை உறிஞ்சும். கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் சிலர் மிசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றின் உட்படியில் இறக்கி ஓட்டுகிறார்கள். எஞ்சினின் புகை மேலே வரும் என்று நினைக்கிறோம். அது கிணற்றுக்குள்ளேயே சுழன்று நிற்கிறது. அப்புகையில் உள்ள காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சிறிது நேரத்தில் எஞ்சின் தன் புகையையே தான் உறிஞ்சத் தொடங்கும். காற்றுப் போதாமல் திணறி மிஸ் அடிக்கும், நிற்கும்.

மேலே நிற்பவர் ‘பிளக் கறுத்திருக்கும்’ என்று எண்ணிப் பார்ப்பதற்கு இறங்குகிறார். எஞ்சினுக்கே போதாத காற்று மனிதருக்கு எப்படிப் போதும்? இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க மகனோ சகோதரனோ இறங்குகிறார், அவரும் விழுகிறார். இலங்கையிலும் இந்தியாவிலும் இவ்வாறு ஒரே கிணற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போன சம்பவங்கள் நடந்துள்ளன.

எனவே எஞ்சினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். நீர்மட்டம் ஆழமானால் நீரில் மூழ்கி இயங்கும் மின்சாரப் பம்பை நாலு குடும்பங்கள் சேர்ந்து பாவிக்கலாம். அல்லது அந்தப் போகத்தில் பயிர்ப் பரப்பைக் குறைக்கலாம். எவராவது விழுந்துவிட்டால், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்று எண்ண வேண்டாம். ஊரைக் கூப்பிட்டு, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு அறிவியுங்கள். மேலே இருந்தபடியே அவரை மீட்கும் வழியைப் பாருங்கள்.

கார், வான் வைத்திருப்போருக்கு

மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் வாடகைக்கு ஓடவும் பாவித்த கார் அல்லது வான் வாங்கிய குடும்பங்கள் எமது கிராமங்களில் உள்ளன. காபரேற்றர் உள்ள முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மேற்சொன்ன ஒழுங்கே பொருந்தும். புதிய வகைக் கார்களிலும் தேவைகள் அதே மூன்றுதான், கருவிகளே வேறு. காபரேற்றருக்குப் பதிலாக இன்ஜெக்டர் பெற்றோலைச் சீறுகிறது. பல கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உண்டு. இவற்றை ஒரு சிறு கணினி ஆளுகிறது.

ஒவ்வொரு எரிதலும் எஞ்சினைச் சற்றுத் தள்ளிவிடுகிறது. ஓர் எரிதல் தவறினால் சுழற்சி ஒரு கணம் தளர்கிறது. கணினி இத்தளர்ச்சியை எண்ணி, அளவுக்கு மிஞ்சினால் எஞ்சின் விளக்கை எரிய வைக்கும். விளக்குத் தொடர்ந்து எரிந்தால் விரைவில் கவனிக்க வேண்டும். விட்டு விட்டு மின்னினால் சுமையுடன் ஓடுவதை நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள விலைகூடிய வடிகலனுக்குள் சென்று எரிந்து அதைப் பாழாக்கும்.

கராஜில் சிறு கருவியைப் பொருத்தினால் கணினி ஓர் இலக்கத்தைச் சொல்லும். பி 0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ் அடிக்கிறது. பி 0301 என்றால் முதலாம் சிலிண்டர், பி 0302 என்றால் இரண்டாம் சிலிண்டர், இப்படியே தொடரும். இந்த இலக்கம் எந்தச் சிலிண்டர் என்றுதான் சொல்கிறது. எந்தப் பொருள் பழுது என்று சொல்வதில்லை. ‘கொம்பியூட்டரே கொயில் மாற்றச் சொல்கிறது’ என்று எவராவது சொன்னால் அது சரியல்ல.

செலவில்லாத சோதனை இதுதான். பி 0302 என்று வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டாம் சிலிண்டரின் கொயிலையும் மூன்றாம் சிலிண்டரின் கொயிலையும் இடம்மாற்றிப் பூட்டி, இலக்கத்தை அழித்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பி 0303 என்று மாறினால் குற்றம் கொயிலோடு போயிருக்கிறது. மாறாவிட்டால் கொயில் நல்லது. அடுத்துப் பிளக்கை அதேபோல் மாற்றலாம்; பின்னர் இன்ஜெக்டர், கடைசியில் அமுக்கம். பி 0300 ஆனால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானதைத் தேட வேண்டும். தண்ணீர் கலந்த பெற்றோல், பெற்றோல் பம்பின் அழுத்தக் குறைவு, வெடித்த காற்றுக் குழாய் என்பன அவை. மழையில் ஓடிய பின்போ எஞ்சினைக் கழுவிய பின்போ மிஸ் அடித்தால் பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்களின் பிளக் இடைவெளி ஒவ்வொரு வகைக்கும் வேறுபடும், ஏ.ரி.எம். அட்டை அளவு அவற்றிற்கு ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் கொயிலையோ பிளக் வயரையோ கையால் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

கூட்டாகச் செய்யக்கூடியவை

எல்லாவற்றிற்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் மிசின் சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது. அடுத்தமுறை மீண்டும் மூன்றையும் வாங்குவோம். ஒரு கொப்பியில் திகதி, அறிகுறி, செய்தது, பலன் என்று எழுதிவையுங்கள்.

பிளக் ஸ்பானர், இடைவெளித் தகடு, கம்பித் தூரிகை, தெளிவான போத்தல், சோதனைக்கென்று ஒரு நல்ல பிளக் ஆகிய ஐந்தும் ஒரு கிராமத்திற்கு ஒரு பெட்டியாகப் போதும். கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ பங்கின் இளைஞர் ஒன்றியமோ அதைப் பொறுப்பேற்கலாம். போகம் தொடங்குமுன் ஒரு ஞாயிறு திருப்பலியின் பின் மிசின்களைக் கோவில் வளவுக்குக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளலாம். குடும்பத்தைத் தனியே கொண்டுநடத்தும் பெண்கள் இதில் முன்வர வேண்டும். தன் மிசினின் பிளக்கைத் தானே கழற்றிப் பார்க்கும் பெண்ணுக்கு, கராஜில் சொல்லப்படுவது சரியா பிழையா என்று தெரியும்.

அடுத்தமுறை மிசின் மிஸ் அடித்தால் பட்டணத்து பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் தாங்கி மூடியைத் தளர்த்துங்கள், ஒயிலைப் பாருங்கள், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிறகும் போக வேண்டியிருந்தால், எதை வாங்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போவோம்.